குவாரியின் மேல்மண் எங்கே போகிறது?

கல்குவாரிகளுக்குச் சுரங்கத் திட்டம் தயாரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. நிலவியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, பெரும்பாலும் கொங்குப் பகுதியின் வறண்ட காடுகளில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். குத்தகைக்கு விண்ணப்பிக்கிறவர் சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எல்லாம் கொண்டுவந்து வைப்பார். நாங்கள் இடத்துக்குப் போய் எல்லை அளந்து, உள்ளே எவ்வளவு கல் இருக்கிறது, அதில் எவ்வளவு எடுக்க முடியும், எந்த வருடம் எவ்வளவு ஆழம் போகலாம் என்று கணக்குப் போட்டு ஒரு கட்டாகக் கொடுப்போம். அந்தக் கட்டின் கடைசியில் சுரங்கம் மூடும் திட்டம் என்று ஓர் அத்தியாயம் வரும். யாரும் நிதானமாகப் படிக்காத பகுதி அது. எனக்கு இப்போது அதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும் போலிருக்கிறது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1957-ஆம் ஆண்டின் மத்திய கனிமச் சட்டம் தன் 15-ஆம் பிரிவில் கட்டுமானக் கல், கிராவல் போன்ற சிறு கனிமங்களை மாநிலங்களின் கையில் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் சிறு கனிம விதிகள் 1959-லிருந்து இருக்கின்றன, எத்தனையோ முறை திருத்தியிருக்கிறார்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது, பக்கத்துப் பட்டாக்காரர் எல்லையிலிருந்து ஏழரை மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்ன பிறகு எங்கள் வேலையே மாறிப்போனது. அதற்கு முன்னால் சில பக்கங்களில் முடிந்த காகிதம், அதற்கப்புறம் ஒரு புத்தகம் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். வெளியே போகிற கல்லுக்கு இருக்கிற கணக்கு, உள்ளே மிஞ்சுகிற நிலத்துக்குக் கிடையாது. லாரிக்கு லாரி நடைச்சீட்டு, அதில் நேரம், வண்டி எண், போகும் ஊர், எல்லாம் இப்போது ஆன்லைனில். அரசுக்குச் சேரவேண்டிய சீனியரேஜ் என்கிற கனிமக் கட்டணத்தைக் கட்டாமல் ஒரு யூனிட் வெளியே போனாலும் அபராதம். வெட்டிய அளவையும் கட்டிய தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்க ட்ரோன் பறக்கிறது, இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் டிஜிபிஎஸ் கருவியோடு சர்வேயர் வருகிறார். இதெல்லாம் வேண்டியதுதான், அரசுக்கு வரவேண்டிய வருமானம் அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே சர்வேயர் நிற்கும் இடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி மேல்மண் குவியல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் பார்த்த எந்த அளவைப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மேல்மண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கல்குவாரியை மீட்பதில் உண்மையாகக் கையில் இருக்கிற சரக்கு அது ஒன்றுதான். நெய்வேலி மாதிரி திறந்தவெளிச் சுரங்கத்தில் கதை வேறு. அங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, தோண்டிய மண் உப்பிக் கன அளவு கூடிவிடும், அதனால் வெட்டி முடித்த பள்ளத்தைப் பின்னாலேயே நிரப்பிக்கொண்டு போக மண் தாராளமாகக் கிடைக்கிறது. கல்குவாரியில் தோண்டுவது முக்கால்வாசிக்கு மேல் விற்பனைக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது மேலே இருந்த ஓரிரு மீட்டர் மண்ணும் அதற்குக் கீழே உளுத்துப்போன பாறையும். நாற்பது மீட்டர் பள்ளத்தை அதை வைத்து நிரப்பவே முடியாது. "பள்ளம் நிரப்பப்படும்" என்று திட்டத்தில் எழுதியிருந்தால் எழுதியவர் கணக்குப் போடவில்லை என்றுதான் அர்த்தம். இங்கே மீட்பது என்றால் சுவர் சரியாமல் பெஞ்ச் பெஞ்சாக, அதாவது அகலமான படிகளாக, விட்டுப்போவது, சுற்றிலும் வேலி, மேல் பெஞ்சுகளிலும் ஓரத்திலும் மண் பரப்பிச் செடி வளர விடுவது, அடியில் தேங்கும் மழைநீரை உபயோகமாக வைத்துக்கொள்வது. தேங்கிய தண்ணீருக்கும் மதிப்பு உண்டு, சென்னையின் வறட்சிக் காலத்தில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள்.

பெஞ்ச் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம் என்று வரைந்து கொடுப்போம். இரண்டு மூன்று வருடம் கழித்துப் போனால் பல இடங்களில் சுவர் செங்குத்தாக நிற்கும். ஒரு குவாரியில் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "சார், பெஞ்சுல நிக்கிறதும் கல்லுதானே" என்றார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. பெஞ்சாக விடுகிற ஒவ்வொரு மீட்டரும் விற்காத கல். பாதுகாப்பு என்பது அங்கே யாரோ ஒருவரின் லாபத்திலிருந்து போகிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் ஒழுங்குமுறை எழுதவேண்டும். குத்தகை முடிந்ததும் அந்தச் செங்குத்துச் சுவரும் அடியில் தண்ணீருமாகக் கிடக்கிற பள்ளத்தில்தான் கோடை விடுமுறையில் பிள்ளைகள் குளிக்கப் போய் மூழ்குகிறார்கள். கரை கிடையாது, கால் வைத்து ஏற ஒரு படி கிடையாது. இரண்டாவது பெஞ்ச் இருந்திருந்தால் பிடித்து நிற்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

மண்ணுக்கு வருகிறேன். 2020 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: சுரங்கம் முடிந்தபின் குத்தகைதாரர் அந்த இடத்தில் திரும்பவும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வாழும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. அனுமதிக் கடிதங்களில் இப்போது அது ஒரு நிபந்தனையாக வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை, ஏனென்றால் நான் வேலை செய்கிற ஊர்களில் தீவனம் என்பது பிழைப்பு. காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களை, பார்த்தவர்களுக்குத் தெரியும், கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். அந்தப் புல்லின் விதை மேலே கொஞ்ச ஆழத்து மண்ணில்தான் கிடக்கிறது. அந்த மண்ணைத் தனியாக வழித்து, ஆளுயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, ஓரிரு மழைக்குள் பரப்பிவிட்டால் புல் தானாக எழும். பத்து மீட்டர் குன்றாகக் குவித்து ஐந்து வருடம் போட்டுவைத்தால் உள்ளே காற்று போகாது, விதை செத்துப்போகும், மண்ணை உயிரோடு வைக்கிற பூஞ்சையும் போய்விடும். அப்புறம் அதைப் பரப்பினால் சீமைக்கருவேலம்தான் வரும்.

இது குவித்து வைத்திருந்தால். பல இடங்களில் குவியலே இல்லை. ஒரு குவாரிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் இங்கே மண் மேடு ஒன்று இருந்ததே என்று கேட்டேன். "அது மொத மழைக்கு முன்னாலயே வண்டி வச்சு ஓட்டிட்டாங்க தம்பி" என்றார். கிராவலோடு கலந்து மனை நிரவப் போயிருக்கும். திட்டத்தில் நான் வரைந்த மண் குவியல் பச்சை நிறத்தில் காகிதத்தில் மட்டும் இருந்தது. குத்தகை முடியும்போது புல் வளர்க்கச் சொன்னால் எதில் வளர்ப்பது?

எண்ணெய்க் கிணறு துளைக்கிறவர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கிணற்றைக் கைவிடுவதே அவர்களுக்கு ஒரு தனி வேலை, சிமென்ட் வைத்து அடைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், அதற்கென்று செலவும் ஒதுக்கப்படும். காவிரி டெல்டாவில் புதிதாகத் துளைக்கவே கூடாது என்று 2020-ல் மாநிலம் சட்டம் போட்டது வேறு விஷயம், அது நிலத்தைக் காப்பாற்றும் அரசியல் முடிவு. நான் சொல்வது வேலை முறையைப் பற்றி.

நிலத்தை மீட்பதற்கான பணம் எப்போது கட்டப்படுகிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் நிலக்கரிக்கு 1977-ல் வந்த சட்டத்தின்படி, அனுமதி கைக்கு வருவதற்கு முன்னாலேயே மீட்புச் செலவுக்கான ஈட்டுத்தொகையைக் கட்டிவிட வேண்டும். பள்ளம் நிரப்பிச் சமன் செய்து வடிகால் போட்டால் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும், மிச்சம் செடி நிலைத்த பிறகுதான். அதற்கு ஐந்து வருடம் பொறுப்பு, ஆண்டுக்கு 26 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ மழை பெய்கிற இடத்தில் பத்து வருடம். கொரங்காட்டுப் பகுதியின் மழையும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அவ்வளவு குறைந்த மழையில் செடி பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டிலும் சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது போன்ற பெருங்கனிமங்களுக்கு ஹெக்டேர் கணக்கில் வங்கி உத்தரவாதம் வாங்கும் மத்திய விதி 2017-ல் வந்த விதித்தொகுப்பில் இருக்கிறது. ஜல்லிக்கல் சிறு கனிமம் என்பதால் அந்த விதி குவாரியைத் தொடாது. எண்ணிக்கையில் அதிகம் இருப்பதும், ஊருக்குப் பக்கத்தில் இருப்பதும் இந்தச் சிறு குவாரிகள்தான்.

சரி, நான் என்ன செய்கிறேன்? இப்போதெல்லாம் மூடும் திட்டத்தை முதல் வருடத்திலிருந்தே எழுதுகிறேன். முதல் வருடம் எவ்வளவு மேல்மண் வரும், எந்த இடத்தில் எந்த உயரத்துக்குக் குவிக்க வேண்டும், இரண்டாம் வருடம் அந்த ஏழரை மீட்டர் ஓரத்தில் எவ்வளவு பரப்ப வேண்டும் என்று கன மீட்டரில் போட்டுவிடுகிறேன். ஒரு குத்தகைதாரர் மட்டும் அதை அப்படியே செய்தார், பக்கத்துத் தோட்டக்காரரோடு தூசிப் பிரச்சினை இருந்ததால் ஓரத்தில் சீக்கிரம் பச்சை வரட்டும் என்று. ஐப்பசி மழையில் கொழுக்கட்டைப் புல் வந்துவிட்டது, விதை வாங்கவே இல்லை. மற்றவர்கள், "அதுக்கு இன்னும் நாள் இருக்கு சார்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்பாரில்லாத ஒன்றை யாரும் செய்யமாட்டார்கள்.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: மேல்மண் குவியலை அளந்து பதிவு செய்யாமல் ஒரு குவாரிக்கு முதல் நடைச்சீட்டே கொடுக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு வருடமும் கல் அளக்கும் அதே நாளில் மண்ணையும் அளந்து, குறைந்திருந்தால் எங்கே பரப்பினாய் என்று கேட்க வேண்டும். இதற்குப் புது அலுவலகம் வேண்டாம், புது ஆளும் வேண்டாம். ட்ரோன் படத்தில் அந்தக் குவியல் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது.