டிம் போடாத வேரியபிள்

எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதும் மேக்ரோ எர்ரர் காட்டி நின்றால் பிழைத்தோம். எர்ரரே வராமல் தப்பான தொகையைக் கொடுத்தால்தான் வம்பு. வேரியபிளை, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரை, 'டிம்' என்ற சொல்லைப் போட்டு முதலிலேயே அறிவிக்காமல் விட்டால் நடப்பது இதுதான்.

மூன்று வரிசைகளில் 400, 250, 300 இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் 'டோட்டல் = டோட்டல் + விலை' என்று எழுத வேண்டிய இடத்தில், சமக்குறிக்கு வலப்பக்கம் கை தவறி 'டோடல்' என்று அடித்துவிட்டீர்கள். மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ இதைப் பிழையாகவே நினைக்காது. புதுப் பெயர் போலிருக்கிறது என்று அங்கேயே எம்ப்டியாக ஒரு வேரியன்ட்டை (எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியபிள்) உண்டாக்கிக்கொள்ளும். கூட்டலில் எம்ப்டிக்கு மதிப்பு 0. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் 0 + விலை. வர வேண்டியது 950. வருவது 300, கடைசி வரிசையின் விலை மட்டும். 0 வந்திருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும். 300 நம்பும்படி இருக்கிறதே!

கோட் எழுதும் பக்கமான மாடியூலின் தலையில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்று ஒரு வரி இருந்தால், கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுவதற்கு முன்பே, 'டோடல்' மேல் ஹைலைட் விழுந்து 'வேரியபிள் நாட் டிஃபைன்ட்' என்று நின்றுவிடும். அந்த வரியை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாம். விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், எடிட்டர் டேப்பில் 'ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்' என்பதை டிக் செய்தால் போதும். (முதலிலிருந்தே டிக்குடன் வந்திருக்க வேண்டியது.) இது இனி உருவாக்கும் மாடியூல்களுக்குத்தான், பழையவற்றில் நீங்களேதான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிழையைத்தான் காட்டும், அதனால் திருத்தித் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிவிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. 'டிம் ஏ, பி, சி ஆஸ் இன்டிஜர்' என்றால் சி மட்டும்தான் இன்டிஜர் (முழு எண் வகை). ஏ, பி இரண்டும் வேரியன்ட். ஒவ்வொன்றுக்கும் தனியாக 'ஆஸ்' போடுங்கள். வரிசை எண்ணுக்கு இன்டிஜரே வேண்டாம், பெரிய முழு எண்களைத் தாங்கும் லாங் வையுங்கள். இன்டிஜர் 32,767 வரைதான் தாங்கும், ஷீட்டிலோ 10,48,576 வரிசைகள். 32,768-ஐத் தொட்டதும் ஓவர்ஃப்ளோ, எர்ரர் 6.

வெப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கதை வேறு. அறிவிக்காத பெயருக்கு மதிப்பு கொடுத்தால் அது குளோபல், அதாவது எல்லா ஃபங்ஷன்களுக்கும் பொது, ஆகிவிடும். இரண்டு ஃபங்ஷன்கள் அதே 'ஐ'யை வைத்து லூப் ஓட்டினால், உள்ளே கூப்பிட்டது வெளி லூப்பின் எண்ணிக்கையைக் கலைத்துவிடும். 2009-இல் ஜாவாஸ்கிரிப்டின் இஎஸ்5 பதிப்புடன் வந்த 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' போட்டால் அங்கேயே ரெஃபரன்ஸ் எர்ரர்.

விபிஏ எழுதுபவர்களுக்கு இன்னொரு வழி. டிம் போடும்போது பெயரில் ஒரு கேபிடல் எழுத்தாவது வைத்துவிட்டு, மற்ற இடங்களில் முழுக்க ஸ்மால் லெட்டரில் அடியுங்கள். என்டர் தட்டியதும் கேபிடலாக மாறினால் பெயர் சரி. மாறவில்லையென்றால் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள்.