கான்குனில் வில்மா

அக்டோபர் 18, 2005

மெக்ஸிகோவின் கான்குனில் நாங்கள் தங்கியிருக்கும் விடுதி. வரவேற்பறைத் தொலைக்காட்சி முன்னால் காலையிலிருந்தே கூட்டம். கேமன் தீவுகளுக்குத் தெற்கே நேற்று பெயர் வாங்கிய வில்மா புயல், இன்று ஹரிக்கேன் என்னும் கடும் சூறாவளி ஆகிவிட்டது. கடற்கரையில் பிள்ளைகள் வழக்கம்போலக் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 19

ஒரே ராத்திரியில் ஐந்தாம் வகை, புயல்களில் உச்ச வகை! மையத்தில் காற்றழுத்தம் 882 மில்லிபார்; அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுக்குமாம். அட்லாண்டிக்கில் இதுவரை அளந்ததிலேயே இதுதான் குறைவு. முந்தைய சாதனை 1988-இல் வந்த கில்பர்ட்டுடையது, 888. அதுவும் இதே கரையில்தான் ஏறியது.

விமானத்தில் இடமில்லை. ஊழியர்கள் கடற்கரை நாற்காலிகளை நீச்சல் குளத்துக்குள் இறக்கிவிட்டார்கள். தண்ணீருக்கடியில் கிடந்தால் காற்று தூக்கி எறியாதாம்.

அக்டோபர் 20

விடுதிகள் நிற்பது ஏழு என்ற எண்ணின் வடிவில் வளைந்த ஒடுக்கமான மணல்திட்டில். ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் நிச்சுப்தே காயல். 1970 வாக்கில் அரசு திட்டம் போட்டுச் சுற்றுலாவுக்காகவே உருவாக்கிய இடம். அலை எழும்பினால் ஓடி ஒதுங்க அங்கே மேடு கிடையாது. அதனால் எல்லோரையும் பேருந்தில் ஏற்றி, நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். வகுப்பறைத் தரையில் மெத்தைகள்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் அக்காவும் கூடவே வந்திருக்கிறார். சிறுமியாக இருந்தபோது கில்பர்ட்டைப் பார்த்தவர். "அது வேகமா வந்தது, வேகமா போயிடுச்சு சென்யோரா. இது நகரவே மாட்டேங்குதே" என்றார்.

எனக்கும் அந்தப் பயம்தான். காற்றின் வேகம் கொஞ்சம் குறைந்ததாகச் சொல்கிறார்கள், சரி. ஆனால் புயலைத் தள்ளிக்கொண்டு போகும் மேல்காற்றும் பலவீனமாக இருக்கிறது. வடக்கிலிருந்து வேறொரு காற்றோட்டம் வந்து இழுத்துப் போகும்வரை வில்மா இங்கேயே தங்கிவிடும். எத்தனை பலமான கதவானாலும் ஒரு மணி நேரம் தாங்குவது வேறு, ஒரு நாள் முழுக்கத் தாங்குவது வேறு.

அக்டோபர் 21

மின்சாரம் போய்விட்டது. சாயங்காலம் வில்மா பக்கத்திலிருக்கும் கொசுமெல் தீவில் ஏறிவிட்டதாக வானொலி சொன்னது. நான்காம் வகை. ஜன்னல் பலகைகள் அதிர்கின்றன, கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது. எழுத முடியவில்லை.

அக்டோபர் 22

இன்னும் போகவில்லை. நடுவில் காற்று அடங்கியதும் சிலர் வெளியே ஓடினார்கள். அது புயலின் கண், இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது என்று ஊழியர்கள் கத்திக் கூப்பிட்டு உள்ளே இழுத்தார்கள். அப்புறம் காற்று எதிர்த்திசையிலிருந்து அடித்தது. ஒருவர் மாற்றி ஒருவர் இரவு முழுக்கக் கதவைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர்கள் வீடுகள் என்ன ஆயினவோ! வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 24

வில்மா இன்று காலை ஃபுளோரிடாவில் கரையேறிவிட்டது. அருகிலிருக்கும் இஸ்லா முகெரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழையாம். விடுதிகளின் முன்னால் நாங்கள் நடந்த மணலைப் பெரும்பகுதி கடல் கொண்டுபோய்விட்டது.

மெரிதா நகரத்துக்குப் பேருந்து விடுகிறார்கள். பயணிகளுக்கு முதல் இடம். அக்காவின் பிள்ளைகள் பத்திரம் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். கூரை போய்விட்டது. எங்களிடமிருந்த குடிதண்ணீர், பிஸ்கட், பெசோ எல்லாவற்றையும் அக்காவிடம் கொடுத்தோம். விடுதி திரும்பத் திறக்கும்வரை சம்பளம் வருமா என்று மேலாளரிடம் கேட்கப் போயிருக்கிறார்.