எதிரியில் தொடங்க வேண்டாம்

கருணைத் தியானம் என்பது, ஒருவரின் துன்பம் நீங்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்தும் பயிற்சி. இன்று காதில் விழுந்த அப்படியொரு ஆடியோ, இரண்டாவது நிமிடத்திலேயே "உங்களை அதிகம் காயப்படுத்தியவரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறது.

புதிதாக உட்காருபவர் எழுந்து ஓட இது போதும்.

2013இல் வெளியான விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வில் தினம் 30 நிமிடம், 2 வாரம் இந்தப் பயிற்சி. வரிசை இப்படி: முதலில் மனசுக்கு நெருக்கமானவர். அடுத்து, பயிற்சி செய்பவர் தன்னையே. பிறகு முன்பின் தெரியாதவர். கடைசியில்தான் ஆகாதவர்.

இவர்கள் ஒவ்வொருவரும் வேதனைப்பட்ட ஒரு நேரத்தை நினைத்து, உடம்பில் எங்கே இறுக்கம் வருகிறது என்று கவனித்து, "இந்தத் துன்பம் நீங்கட்டும், நிம்மதி கிடைக்கட்டும்" என்று வாழ்த்த வேண்டும்.

வாழ்த்தை விட்டுவிட்டால் கதையே மாறிவிடும். பிறர் வலியை உணர மட்டும் பழக்கியபோது, துயரக் காணொளி பார்த்தவர்களின் மனம் இன்னும் கனத்ததைத் நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கரின் குழுவினர் கண்டார்கள். அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி கொடுத்ததும் கனம் இறங்கியது, இதமான உணர்வு கூடியது. தினமும் பிறர் வலியைப் பார்க்கும் செவிலியர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 9 வாரக் கருணைப் பயிற்சியில் கவலையும், உணர்ச்சியை உள்ளேயே அடக்குவதும் குறைந்தன. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் சும்மா காத்திருந்தவர்கள். வாரா வாரம் கூடிப் பேசியதற்கும் அதில் பங்கு இருக்கலாம்.

தன்னை வாழ்த்தும் இடத்தில்தான் பலர் சிக்குவார்கள். எரிச்சல் வரும், அழுகை வரும். மல்லுக்கட்ட வேண்டாம். நெருக்கமானவரிடமே திரும்பி, அவர் நம்மைப் பார்த்து அதே வாழ்த்தைச் சொல்வதாக நினைத்துக்கொள்ளலாம்.