ஸயான் பள்ளத்தாக்கில் ஏஞ்சல்ஸ் லேண்டிங்: குலுக்கல் முதல் சங்கிலிப் பாதை வரை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பாலை நிலத்தின் மணற்பாறையை வர்ஜின் ஆறு அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குதான் ஸயான் தேசியப் பூங்கா. அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் செங்குத்துப் பாறையின் உச்சிக்கு ஏற விரும்புவோர், 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதி பெற வேண்டும். நெரிசலைக் குறைக்க வந்த இந்த ஏற்பாடு மிகவும் தேவையானது என்பதை, அந்தக் குறுகிய பாதையில் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நின்றபோது உணர்ந்தேன்.

பருவத்துக்கு முன்பே நடக்கும் குலுக்கல் ஒன்று, ஏறும் நாளுக்கு முந்தைய நாள் நடக்கும் குலுக்கல் மற்றொன்று. நானும் என் மனைவியும் இரண்டாவதில் விண்ணப்பித்தோம். நள்ளிரவு 12.01 முதல் பிற்பகல் 3 மணி வரை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 4 மணிக்கு முடிவு வந்துவிடும். ஆறு பேர் வரை அடங்கும் ஒரு விண்ணப்பத்துக்கு 6 டாலர் கட்டணம்; அனுமதி கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர் கூடுதல். காலை 9 மணிக்கு முன் ஏறத் தொடங்கும் நேரம் எங்களுக்குக் கிடைத்தது. பள்ளத்தாக்குக்குள் கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது. ஆகவே அனுமதிச் சீட்டை முன்னிரவே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பூங்காவின் இலவசப் பேருந்து ஓடும் மாதங்களில் சொந்த வாகனங்களைப் பள்ளத்தாக்குச் சாலையில் விடுவதில்லை. குரோட்டோ நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே புட்டிகளை நிரப்பிக்கொண்டோம். அதற்கு மேல் குடிநீர் கிடையாது. பாலைக் காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது குடித்து, இடையிடையே உப்புக்கடலையும் சாப்பிட்டோம்.

போகவரச் சுமார் 8.7 கிலோமீட்டர் தூரம். ஏற்றம் ஏறத்தாழ 1,500 அடி. ஆற்றுப் பாலத்தைக் கடந்து சற்று ஏறினால், வெயில் படாத ரெஃப்ரிஜிரேட்டர் கேன்யன் வருகிறது. அதன் முடிவில் வால்டர்ஸ் விகிள்ஸ் என்னும் 21 கொண்டை ஊசி வளைவுகள், கல்லடுக்கிய சுவர்களின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மூச்சு வாங்க வைக்கும் இடம் இதுதான்.

ஸ்கவுட் லுக்அவுட் என்னும் காட்சிமுனைக்கு அப்பால் கடைசி அரை மைல்தான் சங்கிலிப் பாதை. பாறையில் துளையிட்டு நட்ட இரும்புக் கம்பங்களில் கனத்த சங்கிலி கோக்கப்பட்டிருக்கிறது. அது உரசி உரசிச் சில இடங்களில் பாறையே பள்ளம் விழுந்து கிடக்கிறது. எண்ணற்ற காலடிகள் பட்டு வழவழத்த கல்லின் மேல் பொடிமணல் வேறு படிந்திருப்பதால், நல்ல பிடிமானமுள்ள காலணி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. இருபுறமும் பாதாளமாக இறங்கும் ஒடுங்கிய முகட்டில் நான் சற்றுத் தயங்கியபோது, பின்னால் வந்த மனைவி, “கீழ பாக்காதீங்க, அடுத்த கால எங்க வைக்கணும்னு மட்டும் பாருங்க” என்றாள். இறங்குவோர் வரும்போது அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, அவர்கள் கடந்த பிறகே சங்கிலியைப் பற்றினோம். இந்தப் பாதைக்கு உடல் வலுவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும் என்பது என் கருத்து.

5,790 அடி உயர உச்சியிலிருந்து எதிரே கிரேட் வைட் த்ரோன் பாறை முழுமையாகத் தெரிந்தது. சுற்றியுள்ள பாறைகளில் சாய்வாக ஓடும் கோடுகள், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகளின் அடுக்குகள். அவற்றை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உணவு தேடிப் பைகளை மோப்பம் பிடிக்கும் அணில்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள். அது அவற்றுக்குக் கேடு, சட்டப்படியும் தவறு.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை வரக்கூடும். நனைந்த பாறை வழுக்கும், சங்கிலியோ இரும்பு என்பதால் மின்னலின்போது ஆபத்து. மேகம் திரண்டால் அனுமதி கையில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். குலுக்கலில் பெயர் வராதவர்களும் ஸ்கவுட் லுக்அவுட் வரை அனுமதியின்றி ஏறலாம். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு, டெம்பிள் ஆஃப் சினவாவா என்னும் பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி ஆற்றோரமாகச் செல்லும் சமதளப் பாதையையே நான் பரிந்துரைப்பேன்.