இன்னும் மூணு வரிசை

"அக்கா, உட்கார்ந்துருவோமா?"

விமானத்தில் என்னோடு பணிப்பெண்ணாக வந்த அவள் கேட்டது இவ்வளவுதான். "மூணு வரிசைதாம்மா இருக்கு, முடிச்சிருவோம்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சித்திரை மாதத்து மாலையில் சென்னை-மதுரை போவது எங்களுக்குப் புதிதல்ல. பகலெல்லாம் காய்ந்த வெயில் திண்டுக்கல் பக்கம் மேகமாக எழும்பி நிற்கும். பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் பணிப்பெண்கள் உட்காரும்படி காக்பிட்டிலிருந்து அறிவிப்பு எதுவும் வரவில்லை. டீ, காபியை முன்பே நிறுத்திவிட்டேன். டிராலியின் சிவப்பு மிதியை அழுத்தி பிரேக்கும் போட்டிருந்தேன். இதில் எது தவறு என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். டிராலியே தரையைவிட்டு எழும்பினால் அதற்கு வேலை இல்லை.

விமானம் குலுங்கித் தூக்கிப்போட்டபோது நான் இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். டிராலியின் மறுமுனையில் நின்ற அவளுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. கூரையில் தலை மோதி, இடது காலை ஊன்றி விழுந்தாள். ஆள் கீழே வரும்போது விமானத்தின் தரை மேலே ஏறி வரும். எங்கள் வேலையில் கணுக்கால் அதிகம் உடைவது இதனால்தான். அவள் கத்தவில்லை. "அக்கா, டிராலி, டிராலி" என்றாள். அதை ஒருத்தியாக இழுத்துப் போய்ப் பூட்டிவிட்டு, அவளைக் காலி இருக்கையில் தூக்கி உட்காரவைத்து பெல்ட் போட்டேன். இறங்கும்வரை அவள் ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் வீக்கத்தில் திரும்ப ஏறாது என்று அவளே சொன்னாள்.

ரேடாரில் பாதை சுத்தமாக இருந்தது என்று கேப்டன் பிறகு சொன்னார். நம்புகிறேன். ரேடார் காட்டுவது மழைத்துளியைத்தான், காற்றை அல்ல. அமெரிக்க விமானத்துறைக் கணக்கையும் தேடிப் படித்தேன். 2009 முதல் 2022 வரை குலுக்கலில் பலத்த காயம்பட்டவர்கள் 163 பேர். அதில் 129 பேர் விமான ஊழியர்கள். பயணி பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் காரணம். படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அவளும் உட்காரத்தானே கேட்டாள்?

ஆபத்து என்று தோன்றினால் யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் உட்காரலாம் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தருவதே நான்தான். அன்றைக்கு அந்தக் கடைசி மூன்று வரிசைக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று முகம் சுளிப்பார்களே என்பதுதான் என் மனதில் இருந்தது.

அன்றிரவே எழுதிக்கொடுத்த அறிக்கையில், "முன்னறிகுறி ஏதும் இன்றி" என்று எழுதினேன். வானிலையைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

போன வாரம் திருமங்கலத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தாள். உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். "வாம்மா, நீ பக்கத்துல இருந்ததாலதான் பிள்ளை தப்பிச்சா" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா காபி போடப் போனதும் அவள், "நீங்க சொல்லாட்டியும் நான் முடிச்சிட்டுத்தான்க்கா உட்கார்ந்திருப்பேன்" என்றாள். என் மனசு நோகக்கூடாது என்று சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தானா, தெரியவில்லை.

அவளும் தனியாக ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறாள். என்னிடம் கேட்டதை அதில் எழுதினாளா என்று நான் கேட்கவில்லை.