குற்றச்சாட்டில் இல்லாத நிலம்

"அது அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதும்மா."

அமெரிக்க வரலாற்று வகுப்பில் நான் சொன்ன இந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. லிங்கனுக்குப் பின் அதிபராகி, பதவி நீக்க விசாரணையைச் சந்தித்த ஆண்ட்ரூ ஜான்சனைப் பற்றி மாணவி கேட்டது இவ்வளவுதான்: "மேடம், ஆண்ட்ரூ ஜான்சன் மேல 11 குற்றச்சாட்டு வச்சாங்களே, நிலத்தைப் பிடுங்கினது அதுல ஏன் இல்லை?"

சட்டப்படி என் பதில் சரிதான். மன்னிப்பு வழங்கும் அதிகாரம் அரசியலமைப்பே கொடுத்தது. லிங்கன் கொல்லப்பட்ட ஆறே வாரத்தில், 1865 மே மாதம், உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கத்தியர்களுக்காக ஜான்சன் அதைப் பயன்படுத்தினார். வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் ஆணைப்படி, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறியிருந்த நிலம், மன்னிப்புப் பெற்ற பழைய பண்ணையார்களிடமே திரும்பப் போனது. 1868-இல் அவர் மாட்டிக்கொண்டது போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியதற்காக. நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்; செனட்டில் நீக்கச் சொன்னவர்கள் 35, வேண்டாமென்றவர்கள் 19, ஒரு வாக்கில் பதவி தப்பியது. தேர்வில் கேட்பது அந்த ஒரு வாக்கைத்தான்.

ஆனால் அப்படி நிலம் பறிபோன தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவைப் பற்றி அவளுக்குச் சொன்னதே நான்தான். நிலத்தை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல விடுதலையான அடிமைகளுக்கான அரசுத் துறையின் தலைவர் ஜெனரல் ஹோவர்டை அங்கே அனுப்பினார்கள். அவருக்கே மனம் ஒப்பவில்லை. போரில் வலது கையை இழந்தவர் அவர். தீவு மக்கள் அவருக்கு எழுதினார்கள்: உங்களுக்குப் போனது ஒரு கை மட்டும், நீங்கள் மன்னிக்கலாம், என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் அடித்தவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைப் படித்துக் காட்டிவிட்டு, அதிகாரத்துக்கு உட்பட்டது என்றால் அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்? "சரி மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வேறொரு பதிலும் இருந்தது. ஜான்சனைக் கீழே இறக்கத் துடித்த காங்கிரசே, அதாவது அமெரிக்க நாடாளுமன்றமே, நிலம் கொடுக்கத் தயாராக இல்லை. விடுதலையானவர்களுக்கு 40 ஏக்கர் கொடுங்கள் என்று குடியரசுக் கட்சி உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் அங்கே வாதாடியபோது சொந்தக் கட்சியிலேயே பெரும்பாலோர் கூட வரவில்லை. அப்புறம் குற்றச்சாட்டில் நிலம் எப்படி வரும்?

இதைச் சொல்லாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. எல்லோருக்கும் பங்கு உண்டு என்று ஆரம்பித்தால் ஜான்சன் நழுவிவிடுவார். கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைகள் மசோதாவைக்கூடத் தடுத்துப் பார்த்தவர் அவர். 1866-இல் காங்கிரஸ் அதை மீறித்தான் சட்டமாக்கியது. அவரை நழுவவிட எனக்கு மனமில்லை. ஆனால் "அதிகாரத்துக்கு உட்பட்டது" என்ற பதிலில் மட்டும் அவர் நழுவவில்லையா? அடுத்த பருவத்தில் இதே பாடம் வருகிறது. எந்தப் பதிலைச் சொல்வதென்று இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.