தண்ணீர் நிரப்பிய நெஞ்சறை: ஒருவழியாக மூடி ஒழுகவில்லை

போத்தலும் பலூனும் வைத்து நான் கட்டிய நுரையீரல் மாதிரியைச் சனி இரவு மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலையில் பார்த்தால் இரண்டு பலூனும் பாதி விரிந்தபடி அப்படியே தொங்குகின்றன. போத்தலுக்குள் ஒரு குமிழிகூட இல்லை. இதைப் பெருமையடிக்காமல் விட முடியாது.

போத்தலின் அடியை வெட்டி ரப்பர் கட்டி, உள்ளே பலூன் தொங்கவிடும் மாதிரியை எல்லோரும் பாடசாலையில் செய்திருப்போம். அந்த அடிப்படைக்குள் போகவில்லை. ஆனால் அதன்மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கோபம். ரப்பரை நன்றாக இழுத்தாலும் பலூன் லேசாக அசையும், அவ்வளவுதான். இடையில் கிடக்கும் வளிதான் வில்லன். இழுக்கும்போது முதலில் அது விரிந்துகொள்கிறது, மிச்சம்தான் பலூனுக்கு. நம் நெஞ்சில் அப்படி ஒரு வளி இடம் கிடையாது. நுரையீரலைச் சுற்றிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவே சில தேக்கரண்டி திரவம் மட்டுமே. திரவம் விரியாது. ஆகவே பிரிமென்றகடு (நெஞ்சறையின் அடியிலுள்ள தசைத்தட்டு, மாதிரியில் ரப்பர்) ஒன்றிரண்டு செ.மீ. இறங்கி, விலா என்புகளும் கொஞ்சம் உயர்ந்தாலே அரை லீட்டர் காற்று உள்ளே வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஜோன் மேயோ என்ற ஆங்கிலேயர் துருத்திக்குள் ஒரு சவ்வுப் பையை வைத்து மூச்சு எப்படி நடக்கிறது என்று காட்டியிருக்கிறார். நாம் இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறோம்.

சரி, பலூனைச் சுற்றி வளி கிடக்கும் இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால்? 5 லீட்டர் குடிநீர்ப் போத்தல், வட்டமானது. சதுரப் போத்தல் உள்ளுக்கு நெளிந்துவிடும். வட்டமானதும் கொஞ்சம் நெளிந்தது, கம்பி வளையங்களை விலா போலச் சுற்றியதும் அடங்கியது. அடியில் லொறி டியூப் ரப்பர், அதன்மேல் சைக்கிள் டியூப் பட்டியை இழுத்துச் சுற்றினால் போதும். அங்கே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

ஒழுகியதெல்லாம் மூடியில். குழாய் மூடியைத் துளைத்துப் போகும் அந்த ஒரே இடம் என்னைப் படுத்திய பாடு! சிலிக்கன் பூசினேன், உரிந்து வந்தது. எபொக்சி பூசினேன், மலைக் குளிரில் காயவே யோசித்தது, காய்ந்த பிறகு சுண்டிவிட்டால் சில்லாகக் கழன்றது. ஹாட்வெயார் கடையில் "எல்லாத்திலயும் ஒட்டும்" என்று சத்தியம் செய்து விற்ற பசையும் அதே கதை. இந்த மூடிகள் பொலித்தீன் குடும்பத்துப் பிளாஸ்டிக், சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ஒட்டுவதை விட்டுவிட்டு இறுக்கத்தான் வேண்டும்.

அப்புறம்தான் டயர்க் கடை நினைவுக்கு வந்தது. டியூப் இல்லாத டயருக்கு நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் ரப்பர் வாசருடன். போய்க் கேட்டேன். "தம்பி, வண்டி எங்க?" என்றார். "வண்டி இல்லண்ணே, வால்வு மட்டும்." விசித்திரமாகப் பார்த்தார், ஆனாலும் பழையதில் நல்லதாக இரண்டு தேடித் தந்தார். உள்ளே இருக்கும் சின்ன ஊசியைக் கழற்றினால் வெறும் குழாய். மூடி மெல்லிசு என்பதால் இன்னொரு மூடியிலிருந்து வெட்டிய வட்டத்தையும் அடியில் வைத்து இறுக்கினேன். ஒன்று வாதனாளி (மூச்சுக்குழாய்), மற்றது அமுக்கம் பார்க்கும் குழாய்க்கு.

மூடி சரியான பிறகும் காலையில் குமிழிகள் இருந்தன. இது கசிவு இல்லை. எங்கள் பீலித் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். குளிர்ந்த நீரில் வளி அதிகம் கரைந்திருக்கும், அறைச் சூட்டுக்கு வந்ததும் பிரிந்து வெளியேறும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரை, போத்தலைத் தலைகீழாகப் பிடித்து விளிம்பு வழிய ஊற்றி ரப்பரைக் கட்டினேன். பிரச்சினை தீர்ந்தது. நம் நெஞ்சில் அந்த இடத்துக்குள் வளி புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீருக்குள் வைத்து அந்த வளியை வெளியேற்றுவார்கள்.

இப்போது சுவையான பகுதி. அமுக்கக் குழாய்க்குச் சேலைன் குழாயைப் பொருத்தி, பிளேன்டீ நிரப்பி, கீழே தொங்கவிட்டு முனையை மேலே வளைத்துவிட்டேன். திறந்த முனையில் மட்டம் எங்கே நிற்கிறதோ அதுதான் பூச்சியம். அதற்கு மேலே ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் போத்தலுக்குள் அமுக்கம் ஒரு செ.மீ. நீர் அளவு குறைவு. பலூனின் உச்சியில் −18, அடியில் −6. அதனால்தான் பலூன் மேலே பருத்தும் கீழே ஒல்லியாகவும் தொங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனிலும் இதே கதைதான்: நுரையீரலின் உச்சியைச் சுற்றி ஏறத்தாழ −10, அடியில் −2.5. நுரையீரல் தண்ணீரைவிட எடை குறைந்தது, அதனால் அங்கே சரிவு மெது. மேல் சிற்றறைகள் (நுரையீரலில் காற்று நிறையும் நுண்பைகள்) ஏற்கெனவே விரிந்திருப்பதால், புதிதாக இழுக்கும் காற்றில் கூடிய பங்கு கீழே போகிறது. இதை நான் வாசித்து நம்பியிருந்தேன், கண்ணால் கண்டது இப்போதுதான்.

என் பலூன் நுரையீரல் விறைப்பு என்பது உண்மை. புதுப் பலூனை முதலில் விரிக்க அதிக அமுக்கம் தேவை. ஊதி ஒரு நாள் வைத்து இளக்கியதைத்தான் போட்டேன். குறைமாதக் குழந்தைகளின் சிற்றறைகளில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் போதாமல், ஒவ்வொரு மூச்சும் இப்படித்தான் கனக்கிறது.

வால்வுத் துளை சிறியதென்பதும் தெரிகிறது. ரப்பரை வேகமாக இழுத்தால் இரைகிறது. காற்றோட்டம் சீராக இருக்கும்போது குழாயின் ஆரை பாதியானால் தடை 16 மடங்கு. இளைப்பு உள்ளவர்கள் குளிர் மூடுபனியில் என்ன படுகிறார்கள் என்று இதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தால் புரியும்.

அக்கா மகன் கேட்டான்: "மாமா, கொழும்புல வச்சா வேற மாதிரி காட்டுமா?" காட்டாது. நுவரெலியாவின் 1,868 மீற்றரில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு அளவுதான், ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் என் குழாய் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அளக்கிறது.

இன்னும் மிச்சம் இருக்கிறது. கிளை பிரியும் இடத்துக்கு மீன்தொட்டிக் கடையில் டி வடிவ இணைப்பு மட்டும்தான் கிடைத்தது. எனக்கு வை வடிவம் வேண்டும், அதுவும் வலப்பக்கம் அகலமாகவும் செங்குத்தாகவும். கடலை புரையேறினால் பெரும்பாலும் வலது நுரையீரலுக்குப் போவது அந்த அமைப்பால்தான். கண்டியில் ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஹட்டனில் தேடி அலுத்துவிட்டேன். இதற்கிடையே பெயின்ட் வாளி இரண்டு வாங்கி வைத்துவிட்டேன், 1846இல் ஹட்சின்சன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய நீர் மூச்சுமானி (ஊதும் காற்றின் அளவைத் தண்ணீரில் கவிழ்த்த வாளி உயர்வதால் காட்டும் கருவி) மாதிரி ஒன்றைக் கட்ட. வாளியைத் தொங்கவிடும் கப்பிக்குக் கயிறு எது நல்லது, நைலோனா பருத்தியா?